மீறு: ஒரு வினைச்சொல்லின் எல்லைத் தகராறு

திங்கட்கிழமை, மக்கள் குறைதீர்க்கும் நாள். ஆட்சியர் அலுவலகத்து வேப்பமரத்தடியில் மடக்கு மேசை போட்டு மனு எழுதித் தரும் பெரியவர் ஒருவரிடம் ஒருநாள் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். வந்த அம்மாள் சொன்னது இவ்வளவுதான்: "பக்கத்து வீட்டுக்காரன் எங்க எடத்துல வந்து வேலியப் பிடுங்கிப் போட்டுட்டான்யா." பெரியவர் எழுதியது: "எதிர்மனுதாரர் எனது அனுபவத்தில் உள்ள இடத்தில் அத்துமீறி நுழைந்து, வேலியைச் சேதப்படுத்தி, தகாத வார்த்தைகளால் திட்டி, கொலை மிரட்டல் விடுத்தார்." திட்டியதைப் பற்றியும் மிரட்டியதைப் பற்றியும் அந்த அம்மாள் வாயே திறக்கவில்லை. கேட்டதற்குப் பெரியவர் சிரித்தார். "அது இல்லாம மனு நிக்காது தம்பி."

அவர் கற்பனை எதுவும் செய்யவில்லை. சட்டப்பிரிவுகளைத்தான் வரிசையாக எழுதினார். அத்துமீறி வீட்டுக்குள் நுழைந்தால் இந்திய தண்டனைச் சட்டத்தில் 448, தகாத வார்த்தைக்கு 294(பி), மிரட்டலுக்கு 506. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்து எண்களெல்லாம் மாறிவிட்டன. அத்துமீறலுக்கு இப்போது 329. எண் மாறியது, சொல் மாறவில்லை. 'அத்துமீறி' என்ற அந்தச் சொல் எங்கிருந்து வந்தது, அதற்குள் இருக்கும் 'மீறு' என்ற வினை என்ன செய்கிறது, அது எப்படி 'உரிமை'யோடு போய் ஒட்டிக்கொண்டது என்று அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன்.

மீறு என்பதன் வேர் 'மீ'. மேல், உயரம் என்று பொருள். மீது என்பதும் மீதி என்பதும் அந்த வீட்டுப் பிள்ளைகள்தான். பாத்திரத்தில் அளவுக்கு மேலே நிற்பது மீதி. தோலின் மேலடுக்கை மீத்தோல் என்று பழைய நூல்கள் சொல்லும். அதே மீயைத்தான் இந்தக் காலத்துப் பாடநூல்காரர்கள் தூசி தட்டி எடுத்து மீயொலி, மீக்கடத்தி, மீத்திறன் மாணவர் என்று முன்னொட்டாக்கிக்கொண்டார்கள். ஆக, மீறு என்றால் முதலில் மேலே போவது, மேலெழுந்து அளவைத் தாண்டுவது. ஏரி நிரம்பிக் கரைக்கு மேல் தண்ணீர் வழிகிற மாதிரி. கோட்டைக் குறுக்கே தாண்டுவது என்ற பொருள் அதிலிருந்து கிளைத்தது.

தமிழுக்கு மட்டும் சொந்தமான சொல் இல்லை இது. கன்னடத்திலும் தெலுங்கிலும் 'மீரு' உண்டு. இரண்டிலும் பழைய எழுத்தில் வல்லின றகரம்தான் இருந்தது. பிறகு அந்த எழுத்தே அங்கே வழக்கொழிந்து இடையின ரகரமாகிவிட்டது. அதன் விளைவு, தெலுங்கில் இன்று 'மீரு' என்று எழுதினால் 'நீங்கள்' என்றும் படிக்கலாம், 'மீறு' என்றும் படிக்கலாம். நமக்கு அந்தச் சங்கடம் இல்லை. ஆனாலும் 'மனித உரிமை மீரல்' என்று அச்சடித்த சுவரொட்டியை நான் பார்த்திருக்கிறேன்.

அத்து என்பது வேறு சங்கதி. பள்ளிக்கூடத்தில் படித்த அத்துச் சாரியை, அதாவது மரம், அத்து, ஐ சேர்ந்து மரத்தை ஆகும் கதை, அதற்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. எல்லையைக் குறிக்கும் 'ஹத்' என்ற அரபுச் சொல் உருது வழியாக நம்மிடம் வந்து அத்து ஆனது. தெலுங்கிலும் கன்னடத்திலும் 'ஹத்து' என்று ஹகரத்தோடு தகரத்தை அழுத்தி இன்றும் சொல்கிறார்கள். 'ஹத்து மீரினான்' என்பது ஹைதராபாத் தெருவில் சர்வ சாதாரணமாகக் காதில் விழும் ஏச்சு. பாதி அரபு, பாதி திராவிடம். நவாப் ஆட்சிக் கச்சேரிகளில் நிலம் அளந்தவர்களும் வரி வாங்கியவர்களும் விட்டுப்போன சொற்கள் நம் வருவாய்த் துறைத் தமிழில் மூலைக்கு மூலை கிடக்கின்றன. தாசில், ஜமாபந்தி, வசூல், மிராசு வரிசையில் அத்தும் ஒன்று. வந்தவன் ஹகரத்தை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்ததால் நாம் அவனை ஊர்க்காரனாகவே நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

மீறு இப்படிப் பெருவழக்காவதற்கு முன்னால் இந்த வேலையைச் செய்த பழைய வினைகள் வேறு. கட, இக, இற. இதில் 'இற' கவனிக்கத்தக்கது. இன்று இறந்தார் என்றால் செத்துப்போனார். ஆனால் திருக்குறளில் பொறையுடைமை அதிகாரத்தில் 'இறந்தார்' என்று வரும் இடத்தில் செத்தவர் என்று பொருள் கொண்டால் குறளே கெட்டுப்போகும். அங்கே அது வரம்பு கடந்தவர். இறந்த காலம் என்று இலக்கணத்தில் சொல்கிறோமே, அதுவும் செத்த காலம் அல்ல, கடந்த காலம். உயிர் உடம்பின் எல்லையைக் கடந்ததை மங்கல வழக்காக இறத்தல் என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் சாவு அந்தச் சொல்லை முழுசாக எடுத்துக்கொண்டது. 'கட'வின் பிறவினையான கடத்தலைத் தங்கமும் கஞ்சாவும் எடுத்துக்கொண்டன. இகத்தலைப் புலவர்களைத் தவிர யாருக்கும் தெரியாது. மிச்சமிருந்தது மீறு. எல்லாச் சுமையும் அதன் தலையில் விழுந்தது.

சுமக்கக்கூடிய வினைதான் அது. 'காலம் மீறிப்போச்சு' என்கிறோம். 'நிலைமை கைமீறிவிட்டது', 'சக்திக்கு மீறிச் செலவு பண்ணிட்டான்', 'அப்பா பேச்சை மீற மாட்டான்', 'அளவு மீறினால் அமிர்தமும் நஞ்சு.' இவற்றில் மீறுவது தப்பா சரியா என்று வினை எதுவும் சொல்லவில்லை என்பதைப் பார்க்க வேண்டும். 'வீட்டாரின் எதிர்ப்பை மீறித் திருமணம் செய்துகொண்டனர்' என்பதைப் படிக்கும்போது நம்மில் பலர் மீறியவர் பக்கம். 'மக்களின் எதிர்ப்பை மீறி மதுக்கடை திறக்கப்பட்டது' என்றால் மீறியவருக்கு எதிர்ப்பக்கம். இலக்கண அமைப்பு இரண்டிலும் ஒன்றே. 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்துபோய் வேதாரண்யத்தில் உப்பு அள்ளியதும் சட்டத்தை மீறியதுதான். அந்த இயக்கத்துக்குத் தமிழில் 'சட்ட மறுப்பு' என்று பெயர் நின்றதில் ஒரு சாமர்த்தியம் உண்டு. மீறுகிறவன் கோடு இருக்கிறது என்று ஒப்புக்கொண்டே தாண்டுகிறான். மறுக்கிறவன் அந்தக் கோட்டையே ஏற்கவில்லை.

எனவே மீறு என்ற வினை வந்தால் உடனே கேட்க வேண்டிய கேள்வி, எந்தக் கோடு, யார் போட்டது என்பதுதான்.

கோட்டுக்குத் தமிழன் வைத்த பெயர் வரம்பு. வரம்பும் வரப்பும் ஒரே சொல்லின் இரண்டு உருவம். இரும்பு இருப்புப்பாதையில் இருப்பு ஆவது போல, கரும்பு கருப்பஞ்சாறு ஆவது போல. அதாவது 'வரம்பு மீறுகிறாய்' என்று யாரையாவது வைகிறபோது, தெரிந்தோ தெரியாமலோ, அவரை அடுத்தவன் வயலில் கால் வைத்தவனாக்குகிறோம். வயல் உள்ள வீட்டில் பிறந்தவர்களுக்கு இந்த உவமை உவமையாகவே தோன்றாது.

எங்கள் பெரியப்பாவுக்கும் அவருடைய மேலண்டைப் பங்காளிக்கும் நடந்த வரப்புச் சண்டை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒவ்வொரு சாகுபடிக்கும் முன்னால் வரப்பின் பக்கவாட்டுப் புல்லை மண்வெட்டியால் செதுக்கிச் சேறு வைத்து மெழுகுவது வழக்கம். அவரவர் பக்கத்தை அவரவர் செதுக்குவார்கள். பங்காளி புல்லோடு சேர்த்து இரண்டு விரற்கடை மண்ணையும் சீவுவார். எங்கள் பக்கத்தில் மெழுகுவதற்குக் கொஞ்சம் மண்ணைத் தூக்கிப் போட்டு உதவியும் செய்வார். வண்டிக்காரன் தலையில் கட்டுடன் நடந்துபோகும் அகலமாக இருந்த வரப்பு, நான் கல்லூரிக்குப் போன சமயத்தில் ஒற்றைக்கால் வைக்கும் அகலமாகி, கிழக்கே நகர்ந்தும் விட்டது. சர்வேயர் வந்து சங்கிலி போட்டு, புதைந்து கிடந்த சர்வே கல்லைத் தோண்டி எடுத்துக் காட்டியபோது, எங்கள் நிலம் ஒன்றேகால் அடி உள்ளே போயிருந்தது. பெரியப்பா குதித்தார். பங்காளி நிதானமாகச் சொன்னார்: "நான் என்னிக்காவது வரப்பத் தாண்டி உன் வயல்ல கால வெச்சிருக்கேனாண்ணே?"

வெக்கவில்லை. அதுதான் உண்மை. அவர் வரம்பை மீறவே இல்லை; வரம்பையே நகர்த்தினார். மீறு என்ற வினைக்குள் அவர் அகப்படமாட்டார்.

தனிமனிதன் செய்தால் ஒன்றேகால் அடியோடு போகிறது. அரசு செய்ததும் உண்டு. 1975 ஜூனில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டதும், அரசியலமைப்பின் 359ஆம் பிரிவின் கீழ், அடிப்படை உரிமைகளைக் காக்க நீதிமன்றம் போகும் வழியே அடைக்கப்பட்டது. விசாரணை இல்லாமல் பிடித்து வைக்கப்பட்டவர்கள் ஆட்கொணர்வு மனு போட முடியுமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் போனது. 1976 ஏப்ரல் 28இல் ஐந்து நீதிபதிகளில் நால்வர் முடியாது என்றார்கள், ஹெச்.ஆர். கன்னா ஒருவர் மட்டும் மாறுபட்டார். அந்தக் காலகட்டத்தில் ஒருவரை நள்ளிரவில் தூக்கிக்கொண்டுபோய் உள்ளே போட்டால், சட்டப்படி அங்கே மீறப்பட்ட கோடு என்று சுட்டிக்காட்ட எதுவும் இல்லை. வரப்பு கிழக்கே போய்விட்டிருந்தது. சென்னை மத்தியச் சிறையில் மிசா என்ற தடுப்புக்காவல் சட்டத்தின் கைதிகள் அடிபட்டதை விசாரிக்க நீதிபதி இஸ்மாயில் ஆணையம் அமைந்ததே 1977இல், டெல்லியில் ஆட்சி மாறிய பிறகுதான். 1978இன் 44ஆவது திருத்தம் ஒரு சர்வே கல்லை நட்டது: 20, 21ஆம் பிரிவுகளை நெருக்கடி நிலையிலும் நிறுத்திவைக்க முடியாது. 1976 தீர்ப்பு தவறு என்று உச்ச நீதிமன்றமே வெளிப்படையாகச் சொல்ல 2017 வரை, அந்தரங்க உரிமை பற்றிய வழக்கு வரும் வரை, ஆனது.

இனி உரிமை. 'உரி' என்றால் உரியதாக இரு, பொருந்து. யாருக்கு உரியதோ அவர் உரியவர். பழைய நூல்களில் உரிமை என்பது மனைவிக்கும் அரண்மனை அந்தப்புரப் பெண்களுக்கும் பெயராக வரும். 'அரசன் உரிமையோடு வந்தான்' என்றால் ராணிகளோடு வந்தான் என்று பொருள். பெண்ணுக்கு உரிமை வேண்டும் என்று நாம் இன்று பேசுகிறோம். அன்று பெண்ணே உரிமை. சொல் வரலாற்றில் இதைவிடக் கசப்பான தமாஷ் அதிகம் இல்லை.

சொத்துப் பத்திரங்களில் உரிமை தாமதமாகத்தான் நுழைந்தது. அங்கே ஆண்டது பாத்தியமும் பாத்தியதையும். 'சர்வ சுதந்திர பாத்தியங்களுடன் புத்திர பௌத்திர பாரம்பரியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள' என்று எழுதாத கிரயப் பத்திரம் நம் தாத்தா காலத்தில் கிடையாது. நடுவே பேச்சுத் தமிழில் உரிமை வேறொரு வாழ்க்கை வாழ்ந்துகொண்டிருந்தது, இன்றும் வாழ்கிறது. "என்னப்பா, உரிமையா கேக்கலாம்ல", "எங்க வீட்டுப் புள்ள மாதிரி, உரிமையா அடுக்களை வரைக்கும் வருவான்." இங்கே உரிமை என்பது சட்டம் தந்தது அல்ல, பழக்கம் தந்தது. எழுதி வைக்காதது. அடுக்களை வரை வருகிறவன் பீரோவைத் திறந்தால் அது உரிமை எடுத்துக்கொண்டதா, உரிமையை மீறியதா? பெரும்பாலான குடும்பச் சண்டைகள் இந்தக் கேள்வியில்தான் நிற்கின்றன.

இப்போது இரண்டு சொல்லையும் சேர்த்துப் பாருங்கள். 'உரிமையை மீறினார்.' யாருடைய உரிமையை? 'அதிகாரத்தை மீறினார்' என்றால் தன் அதிகாரத்துக்கு மேலே போனார் என்று பொருள். 'சக்தியை மீறினார்' என்றாலும் தன் சக்தியைத்தான். அந்தக் கணக்கில் உரிமையை மீறினார் என்றால் தனக்கு உரியதற்கு மேல் போனார் என்றும் கொள்ளலாம். அடுத்தவருடைய உரிமைக்குள் புகுந்தார் என்றும் கொள்ளலாம். யோசித்தால் இரண்டும் ஒரே செயல்தான், வரப்பின் இந்தப் பக்கத்திலிருந்தும் அந்தப் பக்கத்திலிருந்தும் பார்ப்பது. ஆனால் வரப்பு எங்கே என்பதில் தகராறு வந்துவிட்டால், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒருவரை ஒருவர் பார்த்து 'உரிமை மீறல்' என்று கத்தலாம்.

அப்படி நடந்தே இருக்கிறது. சட்டமன்றத்துக்கும் அதன் உறுப்பினர்களுக்கும் உள்ள சிறப்புரிமைக்குப் பங்கம் வந்தால் அதற்கும் தமிழில் 'உரிமை மீறல்' என்றுதான் பெயர். 'மனித உரிமை மீறல்' என்பதில் வரும் அதே இரண்டு சொல். 1987இல் ஆனந்த விகடன் அட்டையில் எம்.எல்.ஏ.க்களையும் அமைச்சர்களையும் கிண்டல் செய்து ஒரு ஜோக் வந்தது. தமிழ்நாடு சட்டமன்றம் அதை உரிமை மீறல் என்றது. சபாநாயகர் பி.ஹெச். பாண்டியன். 'வானளாவிய அதிகாரம்' என்ற தொடர் தமிழக அரசியல் பேச்சில் புகுந்த காலம் அது. ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல். எதிர்ப்பு கிளம்பவே சில நாட்களில் விடுவித்துவிட்டார்கள். அவர் அதோடு விடவில்லை, நீதிமன்றம் போனார். மீறப்பட்டது என்னுடைய உரிமை என்பது அவர் வாதம். உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. நஷ்டஈடு 1000 ரூபாய். அவர் அதைச் செலவு செய்யாமல் சட்டம் போட்டு மாட்டிவைத்தார். சட்டமன்றத்தின் உரிமை அரசியலமைப்பின் 194ஆம் பிரிவில் இருக்கிறது, பத்திரிகைக்காரனின் உரிமை 19ஆம் பிரிவில். இரண்டுக்கும் நடுவே வரப்பு எங்கே என்று யாரும் இன்றுவரை முழுசாக அளந்து கல் நடவில்லை.

பக்கத்து மொழிகள் இந்த இடத்தில் வடமொழியிடம் போய்விட்டன. இந்தியிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் மனித உரிமை மீறலுக்கு உல்லங்கனம், மலையாளத்தில் லங்கனம். 'லங்' என்றால் தாவுவது. ஜுரம் வந்தால் 'லங்கணம் போடு' என்று பாட்டிமார் சொல்வார்களே, சாப்பிடாமல் ஒரு வேளையைத் தாண்டுவது, அதே வேர்தான். ஆங்கிலச் சட்டத்திலோ ஒவ்வொன்றுக்கும் ஒரு வினை வைத்திருக்கிறார்கள். பதிப்புரிமை விஷயத்தில் அவர்கள் பயன்படுத்தும் 'இன்ஃபிரிஞ்ச்' லத்தீனில் உடைப்பதிலிருந்து வந்தது. எலும்பு முறிவுக்குச் சொல்லும் ஃபிராக்சர் அதற்கு ஒன்றுவிட்ட தம்பி. 'டிரெஸ்பாஸ்' குறுக்கே கடப்பது. நமக்குச் சட்டத்தை மொழிபெயர்த்தவர்கள் அத்தனையையும் ஒரே கூடையில் கொட்டினார்கள். ஒப்பந்த மீறல், விதிமீறல், பதிப்புரிமை மீறல், போர்நிறுத்த மீறல், தேர்தல் நடத்தை விதிமீறல். சௌகரியம்தான். ஆனால் உடைந்ததும் தாண்டியதும் திருடியதும் ஒரே சொல்லுக்குள் போய்விட்டால், எது நடந்தது என்பது மங்கிப்போகிறது.

எனக்குப் பெரிய குறை மீறல் என்ற தொழிற்பெயர் மேல்தான். மீறினார் என்றால் யார் என்று கேட்டே தீர வேண்டும். அந்த விகுதி ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். 'மீறல் நடந்துள்ளது' என்றால் ஆளே இல்லை. மழை பெய்தது போல, பூகம்பம் வந்தது போல, உரிமை மீறல் தானாக வந்து நடந்துவிட்டுப் போகிறது. அரசு அறிக்கைகளுக்கு இது பிடித்த நடை. பத்திரிகைகளும் அதையே எழுதுகின்றன. காவல் நிலையத்தில் ஒருவரை அடித்தால் அடித்தார்கள் என்று எழுதலாம். பெற்றோரைப் பார்க்க விடாவிட்டால் விடவில்லை என்று எழுதலாம். தமிழில் இதற்கு வினைப் பஞ்சம் கிடையாது. கையில் இருந்ததைப் பிடுங்கினால் பறித்தார்கள். பூப்பறிப்பது போல அது வேரை விட்டுத் தனியே வந்துவிடும். தர வேண்டியதைத் தராவிட்டால் மறுத்தார்கள். இருக்கவும் விட்டு, அதை மதிக்காமல் நடந்தால்தான் மீறினார்கள். வாக்காளர் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டால் அது மீறல் அல்ல, பறிப்பு. கோயிலுக்குள் விடாவிட்டால் மறுப்பு.

இலங்கைத் தமிழர்கள் இந்தச் சொல்லை நம்மைவிடக் கூர்மையாகப் புழங்குகிறார்கள். அங்கே 'அடிப்படை உரிமை மீறல் மனு' என்பது செய்தித்தாளில் அடிக்கடி அடிபடும் பெயர். 1978 அரசியலமைப்பின் 126ஆம் பிரிவின் கீழ் நேரே உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்வது. அவர்கள் உயர் நீதிமன்றம் என்பது நம் உச்ச நீதிமன்றத்துக்குச் சமம். வாசிக்கும்போது குழம்ப வேண்டாம். அரச நிர்வாகத்தின் செயலால் மீறப்பட்டது என்று காட்ட வேண்டும், எனவே பிரதிவாதி யார் என்று எழுதியே ஆக வேண்டும். அங்கே ஆளில்லாத மீறல் செல்லாது.

வேப்பமரத்தடிப் பெரியவரிடம் மறுபடி ஒருநாள் பேசியபோது, அவர் என்னிடம் கேட்டது வேறு: "போலீஸ்காரங்க மேல மனித உரிமை ஆணையத்துக்கு எழுதித் தரச் சொல்லி வர்றாங்க. எத்தன நாளுக்குள்ள போடணும்?" அதையும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். 1993ஆம் ஆண்டு மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி அமைந்த தேசிய ஆணையமும், 1997இல் வந்த தமிழ்நாடு மாநில ஆணையமும் புகாருக்குக் கட்டணம் வாங்குவதில்லை. தமிழிலேயே எழுதலாம். வக்கீல் வேண்டியதில்லை. 'மீறல் நடந்தது' என்று எழுதாமல் யார், எந்தத் தேதியில், எந்த இடத்தில், என்ன செய்தார் என்று எழுதுங்கள். அவர் திட்டாவிட்டால் திட்டினார் என்று சேர்க்க வேண்டாம். சம்பவம் நடந்து ஓர் ஆண்டு மீறிவிட்டால் ஆணையம் விசாரிக்காது.